முட்டை அட்டையில் பிரெயில்: நான் தொலைத்த ஐந்து மாதங்கள்

போன மாதம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு ஒரு பெண் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையன் என் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பேச்சுக் கொடுத்தேன். என் மகளுக்கும் பார்வை இல்லை என்று சொன்னதும் கைப்பையிலிருந்து போனை எடுத்து, "அக்கா, பிரெயில் கத்துக்குற பொம்மையாம், நாலாயிரம் ரூபாய், வாங்கட்டுமா?" என்று கேட்டாள். பிரெயில் என்பது பார்வை இல்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்து, இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக ஆறு புள்ளிக்குள் அமைவது. படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏறக்குறைய அதே பொருளை நான் மூன்று வருடம் முன்னால் வாங்கி ஏமாந்திருக்கிறேன். "வேணாம்மா, கொஞ்சம் பொறு" என்றேன். கடை நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பேச முடியவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் என் மகளின் ஐந்து மாதம் வீணாகியிருக்காது.

நாங்கள் தண்டையார்பேட்டையில் லைன் வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பாப்பா 2018இல் 29 வாரத்தில் பிறந்தாள், எடை 1,150 கிராம். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் சரியாக வளராமல் போகும் ஒரு நோய் உண்டு. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதித்துவிட வேண்டும். மிகவும் சின்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்னும் முன்னாலேயே பார்க்க வேண்டும். நேரத்தில் பிடித்தால் லேசர் வைத்துப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. எழுபதாவது நாள்தான் கண் டாக்டரிடம் போனோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்திருந்தால் இன்றைக்கே இதைச் சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு நாலு வயதானபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பால்வாடியில் அ, ஆ எழுதுவதைப் பார்த்து எனக்குப் பதற்றம் வந்தது. ராத்திரி அவள் தூங்கியதும் போனில் தேடினேன். முதலில் வாங்கியது மர எழுத்துக் கட்டைகள், 2,450 ரூபாய். விளம்பரத்தில் ஒவ்வொரு கட்டையிலும் ஆங்கில எழுத்தும் அதன் கீழே பிரெயில் புள்ளியும் அழகாகத் தெரிந்தன. பெட்டியைப் பிரித்துத் தடவினால் புள்ளியே இல்லை, வெறும் பெயிண்ட். கண்ணால் பார்க்கிறவர்களுக்காகப் புள்ளியை வரைந்து வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அன்று ராத்திரி நான் அழுதது பணத்துக்காக மட்டும் இல்லை. பாப்பா ஒவ்வொரு கட்டையையும் எடுத்துத் தடவிவிட்டு, "அம்மா, எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவதாக வாங்கியது ஆறு முளைகள் செருகும் பிளாஸ்டிக் பலகை, 3,800 ரூபாய். அதில் புள்ளிகள் மேலெழும்பி இருந்தன, உண்மைதான். ஆனால் இரண்டு வரிசைக்கும் நடுவே இடைவெளி அதிகம். பிள்ளை தடவினால் ஒரே எழுத்தாகத் தெரியாது, தனித்தனியாக இரண்டு கோடுகள் போல இருக்கும். கூடவே பேசும் குரல் ஆங்கிலத்தில் மட்டும். மூன்று வாரத்தில் இரண்டு முளைகள் உடைந்தன. அதனால் ஒன்று சொல்கிறேன், எந்தப் பொம்மையையும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். யாரிடமாவது இருந்தால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். அது முடியாவிட்டால், புள்ளி எவ்வளவு உயரம், தமிழ் இருக்கிறதா, உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்குமா, தடவிப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராத இடத்தில் வாங்க வேண்டாம்.

அப்புறம்தான் டியூஷன். ஒருவர் பிரெயில் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மாதம் 1,500 ரூபாய், வாரம் இரண்டு நாள். அவருக்குப் பார்வை உண்டு. எப்போதோ சில வாரப் பயிற்சியில் சிலேட்டும் ஸ்டைலஸும் (காகிதத்தைப் பிடிக்கும் கட்டம் போட்ட சட்டமும் புள்ளி குத்தும் ஊசியும்) வைத்து எழுதக் கற்றிருந்தார். ஓர் அட்டையில் தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் புள்ளி வரைந்து கொடுத்து, "இதையே வீட்டிலும் பழக்குங்க" என்றார். நான் அந்த அட்டையைச் சுவரில் ஒட்டி, மளிகைக் கடையில் வாங்கிய முட்டை அட்டையிலிருந்து இரண்டு குழி அகலம், மூன்று குழி உயரம் என வெட்டி எடுத்து, குழிகளில் பிளாஸ்டிக் பந்துகளை வைத்துப் பாப்பாவுக்கு விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு அது அவ்வளவு பிடித்தது! "இ வை, உ வை" என்றால் டக்கென்று பந்தைப் போடுவாள். ஐந்து மாதத்தில் முப்பது எழுத்தாவது வந்திருக்கும். லைன் முழுக்கப் பெருமையாகச் சொன்னேன்.

2023 ஜூலையில் தெரிந்தவர் மூலமாக ஒரு பிரெயில் படப் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் இலை வடிவத்தில் துணி ஒட்டி, கீழே ஒரே ஒரு சொல். பாப்பா விரலை வைத்தாள். "ஏ" என்றாள். நகர்த்தினாள், "ள" என்றாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். "இது தெரியலம்மா." அடுத்த பக்கமும் அப்படியே. நாலாவது பக்கத்தில் புத்தகத்தைத் தள்ளிவிட்டு, "இந்த புக்கு தப்பு" என்று அழ ஆரம்பித்தாள். எனக்கும் புரியவில்லை. புத்தகத்தில்தான் பிழை என்று நானும் நம்பினேன்.

மறுவாரம் கடையில் லீவு போட்டு, புத்தகத்தையும் சுவர் அட்டையையும் எடுத்துக்கொண்டு, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பார்வையற்ற ஆசிரியரைத் தேடிப் போனேன். பஸ் மாறிப் போய் வர நாலு மணி நேரம், ஒரு நாள் சம்பளமும் போனது. அட்டையில் புள்ளிகள் பேனாவால் வரைந்திருந்ததால் அவர், "இ எப்படி இருக்குன்னு சொல்லுங்கம்மா" என்றார். இடது பக்கம் மேலே ஒன்று, வலது பக்கம் நடுவில் ஒன்று என்றேன். "ஏ?" சொன்னேன். "ல?" வலது பக்கம் மூன்றும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாக, "அம்மா, நீங்க எழுதுற பக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. பிள்ளை படிக்கிறது அதோட மறுபக்கம்" என்றார்.

சிலேட்டில் பிரெயில் எழுதும்போது காகிதத்தின் பின்பக்கத்திலிருந்து குத்துகிறோம். புள்ளி முன்பக்கம் எழும்புகிறது. அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுத வேண்டும். காகிதத்தைப் புரட்டினால் இடமிருந்து வலமாகச் சரியாகப் படிக்கலாம். படிக்கும் பக்கத்தில் இடது வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலது வரிசையில் 4, 5, 6. டியூஷன் சொன்னவர் சிலேட்டில் குத்திய பழக்கத்தில் 1, 2, 3 புள்ளிகளை வலது பக்கம் வைத்து அட்டையை வரைந்துவிட்டார். தமிழில் இது எவ்வளவு பெரிய குழப்பம் என்று அந்த ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்தது. இ என்பது 2, 4. ஏ என்பது 1, 5. ஒன்றைத் திருப்பினால் மற்றது. ல என்பது 1, 2, 3. ள என்பது 4, 5, 6. ஈயும் எயும் அப்படி, டவும் ழவும் அப்படி. அ என்ற ஒற்றைப் புள்ளியைத் திருப்பினால் அது மெய்யெழுத்தின் புள்ளியாகிவிடும். என் பிள்ளை 'இலை'யை ஏ, ள என்று படித்தது நான் கற்றுக் கொடுத்தபடி நூற்றுக்கு நூறு சரி.

கட்டைக்கு 2,450, பலகைக்கு 3,800, டியூஷனுக்கு 7,500, மொத்தம் 13,750 ரூபாய். பணத்தைச் சம்பாதித்துவிடலாம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை ஆசையாகக் கற்றதை எல்லாம் தப்பு என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளை மடியில் வைத்துக்கொண்டு இதையேதான் நினைத்தேன். அந்த ஆசிரியர் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். "தப்புன்னு சொல்லாதீங்க. அது எழுதுற பக்கம், இது படிக்கிற பக்கம்னு சொல்லுங்க. பின்னாடி சிலேட் பிடிக்கும்போது அது உதவும்." அப்படியே செய்தேன். கெட்டி அட்டையில் பெரிய ஆணியால் புள்ளி குத்தி, குழிந்த பக்கத்தைத் தொடச் சொல்லி, பிறகு புரட்டி எழும்பிய பக்கத்தைத் தொடச் சொன்னேன். "அம்மா, திரும்பிடுச்சு!" என்று கத்தினாள். அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டானது. இருந்தாலும் இ, ஏ தடுமாற்றம் தீர நாலு மாதம் ஆனது. ல, ள இன்னும் கொஞ்சம் நாள் இழுத்தது.

அதனால் பொம்மையைத் தேடுவதற்கு முன்னால் நீங்கள் ஆறு புள்ளியையும் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய வித்தை இல்லை, ஆறு புள்ளியில் வருவது மொத்தம் 63 வடிவங்கள். கண்ணால் படிக்க இரண்டு வாரம் போதும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் வந்த பாரதி பிரெயில் முறைதான் தமிழுக்கும். பெரும்பாலான எழுத்துகள் ஒலியை ஒட்டி ஆங்கிலப் பிரெயிலோடு ஒத்துப்போகும். கே எழுத்தின் புள்ளிதான் க, எம் எழுத்தின் புள்ளிதான் ம. கவனிக்க வேண்டியது மெய்யெழுத்து. அச்சில் எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி, பிரெயிலில் எழுத்துக்கு முன்னால் வரும். 'அம்மா' என்பதை அ, புள்ளி, ம, ம, ஆ என்று எழுத வேண்டும். அதே போல 'கெ'யில் கொம்பு முன்னால் வராது, முதலில் க, பிறகு எ. அச்செழுத்தைப் பார்த்துப் பழகிய நமக்குத்தான் இது சிரமம், பிள்ளைகளுக்கு இல்லை.

சொல்லித் தருகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது, விரலால் தினமும் படிக்கிறவரா என்று கேளுங்கள். இதைக் கேட்க நான் கூச்சப்பட்டேன். காசு கொடுக்கும் முன், அரசுப் பள்ளிகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், உங்கள் பகுதி வட்டார வள மையத்தில் விசாரியுங்கள். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் டேராடூனில் உள்ள பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. வடசென்னையிலிருந்து தூரம்தான், ஆனாலும் ஒரு முறை போய் வருவது 7,500 ரூபாய் டியூஷனைவிட மேல். பிரெயில் புத்தகக் கட்டுகளுக்கு இந்தியத் தபாலில் கட்டணம் கிடையாது என்பதும் எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பாப்பாவுக்கு உண்மையில் உதவிய பொம்மை என் அம்மாவின் பல்லாங்குழி. ஆயாவும் பேத்தியும் சோழி போட்டு ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் தோன்றியது. ஏழு ஏழாகப் பதினாலு குழி. பலகையைத் தரையில் நெட்டுவாக்கில் திருப்பி வைத்தால் மேலிருந்து கீழாக இரண்டு வரிசை. மேலே உள்ள மூன்று மூன்று குழிகளை விட்டுவிட்டு மீதியைத் துணியால் சுற்றிக் கட்டினால் அசல் பிரெயில் கட்டம். பலகைக்கு மேல், கீழ் தெரியாது என்பதால் மேல் முனையில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டேன். எந்தப் பொம்மையாக இருந்தாலும் இப்படி ஓர் அடையாளம் அவசியம், இல்லையென்றால் தலைகீழாக வைத்துப் படித்துவிடுவார்கள். ஆயா ஓர் எழுத்தைச் சோழியில் வைப்பார், பாப்பா சொல்ல வேண்டும். பிறகு பாப்பா வைப்பாள், ஆயா கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்ல வேண்டும். தோற்றால் ஒரு கடலை மிட்டாய். என் அம்மா மூன்றாவது வரைதான் படித்தவர். இன்று அவருக்கும் பாதி எழுத்து விரலில் தெரியும்.

பெரிய கட்டத்தில் ஆபத்தும் உண்டு, இதையும் அனுபவித்துத்தான் கற்றேன். முட்டை அட்டையிலும் பல்லாங்குழியிலும் பிள்ளை புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. அசல் பிரெயிலில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான், உயரம் அரை மில்லிமீட்டர். ஆறும் ஒரே விரல்நுனிக்குள் அடங்கிவிடும். அங்கே எண்ணக் கூடாது, ஒரே தொடலில் வடிவமாகத் தெரிய வேண்டும். பாப்பா புத்தகத்திலும் நகத்தால் சுரண்டி எண்ணிக்கொண்டிருந்தாள். அதனால் படிப்படியாகச் சிறிதாக்கினோம். முதலில் முட்டை அட்டை, பிறகு கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு. ஃபேன்சி ஸ்டோரில் பத்து ரூபாய்க்கு ஓர் அட்டை கிடைக்கும், கெட்டியான காகிதத்தில் ஒட்டினால் நன்றாகக் கைக்குத் தட்டுப்படும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்கு விற்கும் கெட்டி அட்டைகளில் வெட்டுத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. அதற்குப் பிறகு அசல் புள்ளி. இப்போது தொடங்குவதாக இருந்தால், முதல் நாளிலிருந்தே அசல் பிரெயில் தாளையும் பக்கத்தில் வைத்திருப்பேன். படிக்க வராவிட்டாலும் விரல் அதன் மேல் ஓடட்டும்.

இன்னொரு தவறும் செய்தேன். அவள் விரலைப் பிடித்து இழுத்துப் புள்ளியில் அழுத்துவேன். அவள் கையை மடக்கிக்கொள்வாள், நான் கோபப்படுவேன். கண் இல்லாத பிள்ளைக்குக் கைதான் கண், அதைப் பிடித்து இழுப்பது நம் முகத்தைப் பிடித்துத் திருப்புவது மாதிரி என்று அந்த ஆசிரியர்தான் புரியவைத்தார். என் கையைக் கீழே வைத்து, அவள் கை என் கையின் மேல் இருக்கும்படி விட வேண்டும். வேண்டாம் என்றால் அவளே எடுத்துக்கொள்வாள். இப்படி மாற்றிய வாரமே கையை மடக்குவது நின்றது.

விரலுக்கு வலு வர பொம்மையே வேண்டாம். ஆயாவோடு பூ கட்டுவது, கீரை ஆய்வது, உளுந்தையும் பயறையும் பிரிப்பது, கொடியில் கிளிப் போடுவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாமே பிரெயிலுக்கான பாடம்தான். பூ கட்டுவதில் இரண்டு கையும் தனித்தனி வேலை செய்யும். பிரெயில் படிக்கும்போதும் அப்படித்தான், ஒரு கை படிக்க இன்னொரு கை அடுத்த வரியைத் தேடும். தாயக்கட்டையும் நல்லது, பித்தளையில் குழித்த புள்ளி விரலுக்கு அருமையாகத் தெரியும்.

கடைப் பொம்மைகள் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. லெகோ பிரெயில் கட்டைகளை 2020இலிருந்து நிறுவனங்கள் வழியாக இலவசமாகக் கொடுத்தார்கள். 2023இல்தான் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடைகளில் விற்பனைக்கு வந்தன. பெட்டியில் 287 கட்டைகள், அப்போது அமெரிக்காவில் விலை சுமார் 90 டாலர். தோழியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்தார். கட்டையின் மேல் முனைப்புகளே பிரெயில் புள்ளிகள், அதே மேல்பக்கத்தில் புள்ளிகளுக்குக் கீழே அச்செழுத்தும் இருக்கிறது. அதனால் பார்வை உள்ள பக்கத்து வீட்டுப் பையனும் பாப்பாவும் ஒரே கட்டையை வைத்து ஆட முடிகிறது. அவன் கே என்று படிக்கும் கட்டையை அவள் க என்று படிக்கிறாள், இருவரும் சண்டை போடுகிறார்கள், இருவரும் சரி. ஆனால் ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழ்ச் சொற்கள் அதிகம் கட்ட முடியாது, ஆ, ஐ போன்றவற்றுக்கு நாங்கள் பொட்டு ஒட்டிய அட்டைகளைச் செய்துகொண்டோம். அதன் முனைப்பும் அசல் புள்ளியைவிடப் பெரியதுதான். கையில் காசிருந்தால் வாங்கலாம், இல்லையென்று ஏங்க வேண்டாம். சாதாரணச் சீட்டுக்கட்டின் மூலையில் ஸ்டைலஸால் எண்ணையும் வகையையும் குத்திக் கொடுத்தாலே லைன் பிள்ளைகள் எல்லாரோடும் உட்கார்ந்து ஆடுவாள்.

ஒன்றே ஒன்று மறந்துவிட்டேன். சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு எதுவாக இருந்தாலும் விளையாடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போடுங்கள். பாப்பாதான் எங்கள் வீட்டில் எண்ணுவாள். ஒரு நாள் ஒரு சோழி குறைந்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தவழ்ந்து வந்து போயிருந்தது. டார்ச் அடித்து நாங்கள் எல்லாரும் தேடிக்கொண்டிருக்க, தரையைக் கையால் துழாவிக்கொண்டே போன பாப்பா, பீரோவுக்கு அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.